ஜோடிப் பலகை

ஃபோம் தூளுக்கு ருசி கிடையாது. சிரம்பான் பக்கம் லுக்குட்டில் ஒரு பட்டறையில் வேலை செய்த நாலு வருஷமும் மத்தியானச் சோற்றோடு அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன் என்பதால் இதை அடித்துச் சொல்ல முடியும். கடலைமாவு மாதிரி வெளிர் மஞ்சளாக இருக்கும். தலைமுடி, காது, ரவிக்கைக்குள் என்று ஒரு இடம் விடாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் ரொட்டிக் கடையில் வேலை செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை. சொன்னால் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் எனக்கு யாரிடமும் எதையும் விளக்கத் தெம்பில்லை.

அது பெயர்ப்பலகை செய்யும் பட்டறை. கடைவீட்டு வரிசைக்குப் பின்னால், முன்பு மோட்டார் ரிப்பேர் செய்த இடம். முதலாளி சீனர், எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரு சிஎன்சி ரௌட்டர் வாங்கிப் போட்டிருந்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு பாலம், பாலத்தில் தொங்கிக்கொண்டு சுழலும் ஒரு வெட்டுமுனை. கம்ப்யூட்டரில் வரைந்ததை அந்த முனை கெட்டியான ஃபோம் பலகையில் செதுக்கும். மரப்பலகை மாதிரி வேண்டும் என்றால் மர ரேகையோடு செதுக்கும். கருங்கல் மாதிரி வேண்டும் என்றால் கொத்திய கல்லின் சொரசொரப்போடு செதுக்கும். பெயின்ட் அடித்து மாட்டிவிட்டால் யாராவது விரலால் தட்டிப் பார்த்தால்தான் உண்டு. ஓட்டல், கோயில், கோல்ஃப் மைதானம் என்று எல்லோரும் அந்தப் பொய்க் கல்லுக்கு எங்களிடம்தான் வந்தார்கள்.

மெஷினை ஓட்டியவர் ரஹாங்கிலிருந்து வருகிற ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். முப்பது வயது தாண்டியவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும்; அதை அவர் எழுத எடுத்து நான் பார்த்ததில்லை. என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். அவர் மெஷினிலிருந்து இறக்கிய பலகையை வாங்கி, வெட்டுமுனை விட்டுப்போன மெல்லிய வரிகளை உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பட்டி வைத்து, அடிப்பூச்சு பூசி, நிறம் கொடுப்பது என் வேலை. எங்காவது அதிகமாகப் புடைத்திருந்தால் என் பழைய பால்வெட்டுக் கத்தியாலேயே சீவிவிடுவேன்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடம் முண்டு முண்டாக வீங்கிக்கொள்ளும், அப்புறம் அந்தப் பக்கம் கத்தியே ஓடாது. அதனால் ஆழம் என்பது எனக்கு விரல் நுனியில் இருந்தது. தம்பி அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்வதை நான் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். அது அவருக்குப் பிடிக்காது. அதற்காகவே சில சமயம் சொல்வேன்.

என் வீட்டுக்காரரும் பால்வெட்டுக்காரர்தான். இருபது வருஷக் குடும்பத்தில் அவர் என் முகத்தைப் பார்த்ததைவிட மரப்பட்டையைப் பார்த்தது அதிகம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சண்டைக்கும் லாயக்கில்லாத மனுஷன். நான் கத்தத் தொடங்கினால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் அவர் மரத்தில் காயம் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தடவை, கங்காணி மாதிரி எங்களை மேற்பார்த்த ஒரு மண்டோர், பக்கத்து மரநிரைக்காரன் போட்ட காயத்தை இவர் தலையில் கட்டி, காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தபோது எல்லார் முன்னாலும் இவர் பெயரைச் சொல்லிவிட்டார். சிலர் சிரித்தார்கள். அந்த மண்டோர் தோட்டத்தை விட்டுப் போகிறவரைக்கும், ஏழு வருஷம், அவரோடு இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ரோஷத்தில் பாதியை எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியபோது காட்டியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றார்கள். கடைசி வெட்டு நாளன்று விடியும் முன்னே மழை பெய்து விட்டிருந்தது. மழை பெய்தால் எங்களுக்குக் கத்தி எடுக்க முடியாது. ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாது, மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும், பட்டையும் கெடும். அதனால் பால் பிடிக்கிற கிண்ணத்தை, அதை மங்கு என்போம், தண்ணீர் நிறையாமல் இருக்கக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். அப்படிக் காத்திருந்தபோதுதான் கம்பெனியிலிருந்து மூன்று பேர் கேமராவோடு வந்தார்கள். பால் வெட்டுகிற ஆளைப் படம் எடுக்க வேண்டுமாம். நிரை ஓரத்தில் நின்றது இவர். வெட்டச் சொன்னார்கள். இவர் இரண்டு உள்ளங்கையையும் மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பட்டை காயட்டும்" என்றார்.

அடுத்த வாரம் புல்டோசர் வரப்போகிற மரம் அது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இரண்டு மரம் தள்ளி நின்று கத்தினேன்.

"சாயப்போற மரத்துக்குப் பட்டை காஞ்சா என்னாங்க, காயலன்னா என்னாங்க? சட்டுனு ஒரு கோடு போட்டுட்டு வாங்க, அவங்க போவட்டும்!"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கம்பெனிக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கொசு அடித்தார்கள். நான் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருந்தேன். வெயில் வந்து, பட்டை வெளுத்து, மறுபடியும் தொட்டுப் பார்த்த பிறகுதான் கத்தியை எடுத்தார். படம் எடுத்துக்கொண்டு போனார்கள். "காலண்டர்ல வரப்போறேன் பாரு" என்றார் என்னிடம். அவர் வேடிக்கையாகப் பேசியது எனக்கு நினைவிருக்கிற வரையில் அது ஒன்றுதான்.

அஞ்சு மாசம் கழித்து, அதே நிலத்தில் சிமெண்டு மூட்டைகளுக்குக் காவல் இருந்தவர், ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள்.

நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம், வரவில்லை. கருமாதி வரைக்கும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கல்லு மாதிரி ஒக்காந்துருக்கா பாரு" என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு ஈறு எப்படி இருக்கும், மனசு அப்படி இருந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான். பதினேழாம் நாள் லுக்குட்டுக்குப் போய்ப் பட்டறையில் வேலை கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாசம் இருக்கும். புதிய குடியிருப்பின் வாசலுக்கு இரண்டு பெரிய பலகைகள் வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. வாசலில் இரண்டு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. பலகையில் ஒரு பால்மரமும் அதை வெட்டுகிற ஒரு ஆளும். இந்த இடம் முன்பு தோட்டமாக இருந்ததை வீடு வாங்குகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு படம் கொடுத்திருந்தார்கள். தம்பி அதை மேசையில் வைத்தார். பார்த்தால் அவர்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

தம்பி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா இந்த வேலய வேற ஆளுகிட்ட..."

"வேற யாரு இருக்கா இங்க? நீங்க வேலயப் பாருங்க."

நாலு நாள் தம்பி படத்தின் மேல் கோடு கோடாக இழுத்து, எது உயரம், எது பள்ளம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டைக்கு ஏதோ ஒரு சொரசொரப்பைப் போட்டிருந்தார். அது தேக்கு மரம் மாதிரி இருக்கிறது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். மூன்றாவது தடவைதான் பால்மரம் ஆனது.

முதல் பலகையை மெஷின் காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் வெட்டியது. முதலில் தடித்த முனையால் படி படியாகக் குடைந்தது. அப்புறம் மெல்லிய உருண்டை முனையால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து இறங்கியது. முதலில் மூக்கு வந்தது, அதுதான் உயரம் என்பதால். பிறகு நெற்றி, கன்ன எலும்பு, கத்தி பிடித்த கை. நான் பக்கத்தில் நின்று குழாயால் தூளை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மறுநாள் பலகையை என் மேசையில் கிடத்தி அவர் கன்னத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். உயிரோடு இருந்தபோது அந்த முகத்தை நான் இவ்வளவு நேரம் தொட்டதில்லை. அதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வரவில்லை, காது மடலுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்றுதான் தோன்றியது. தேய்த்தேன்.

வாசலுக்கு இரண்டு பக்கமும் வைக்கிற பலகைக்குப் பட்டறையில் ஜோடிப் பலகை என்று பெயர். அதற்கு ஒரே ஒரு தடவை வரைந்தால் போதும். ஒரு பக்கத்துக்கு அப்படியே வெட்டி, மறுபக்கத்துக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி வெட்டுவார்கள். அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மயில், சிங்கம், குதிரை எல்லாம் அப்படித்தான் செய்திருந்தோம். யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

இரண்டாவது பலகையில் முனை பாதி இறங்கியபோது நான் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்.

பால்மரத்தில் வெட்டுக்கோடு இடது கைப்பக்கம் மேலே தொடங்கி, வலது கைப்பக்கம் கீழே இறங்கும். மரத்துக்குள் பால் ஓடும் நரம்புகள் சாய்ந்திருக்கிற விதம் அப்படி. மாற்றி வெட்டினால் பால் குறைந்துவிடும். எங்கள் தோட்டத்தில் வெட்டத் தெரியாதவன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். இந்தப் பலகையில் கோடு வலது பக்கம் மேலே இருந்து இடது பக்கம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கத்தியும் இடது கையில் இருந்தது.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாக்கா? ஜோடின்னா அப்படித்தான்லா. ரெண்டும் ஒரே பக்கம் பாத்தா வாசல் கோணலாத் தெரியும்."

"அப்ப மயிலப் போடுங்க. மயிலு எந்தப் பக்கம் வேணா திரும்பும். மரத்துக்கு அது ஆவாது."

தவுக்கே வந்தார். நான் மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சியாப்பா நம்பாக்?" என்றார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இந்த அளவுக்கு வேறு ஃபோம் பலகை கைவசம் இல்லை, கப்பலில் வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். லுக்குட் பக்கம் தனியாக அறை எடுத்திருந்த என்னைத் தவிர, தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் அந்த வாசலுக்கு எதிரே இருந்த அடுக்கு வீட்டில்தான் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவர்கள் ஏறி இறங்கும் பஸ் அந்த வாசலில்தான் நிற்கும். அத்தனை பேருக்கும் முன்னால், தினமும், அவர் கோட்டை மாற்றி வெட்டிக்கொண்டு நிற்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானே சிரித்திருப்பேன். பெரட்டில் ஒரு நாள் பட்ட அவமானத்துக்கே ஏழு வருஷம் பேசாமல் இருந்த மனுஷன். அவர் மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவரை அந்தக் கோலத்தில் அங்கே நிற்க விடக்கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

சனிக்கிழமை காலையில் தவுக்கே முதல் பலகையை லாரியில் ஏற்றிக்கொண்டு தூணில் மாட்டப் போனார். இரண்டாவதுக்கு நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். அவர் லாரி தெருமுனையில் மறைந்ததும் நான் பட்டி டப்பாவைத் திறந்தேன்.

முதலில் அந்தத் தப்பான கோட்டை அடைத்துவிட்டு, பென்சிலால் சரியான கோட்டை இழுத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். கோடு சரியாக இருந்தது, ஆள் மரத்துக்குத் தப்பான பக்கம் நின்றார். அந்தக் கையால் அந்தக் கோட்டை வெட்ட வேண்டுமென்றால் முழங்கையை முறித்துக்கொள்ள வேண்டும். பென்சில் கோட்டை அழித்தேன். கோட்டைச் சரிசெய்ய முடியாது என்றால் கோடே வேண்டாம் என்று பட்டது. அடைத்த இடத்தை மட்டமாகத் தேய்த்து, ஈரப் பட்டியின் மேல் கம்பி பிரஷால் இழுத்துப் பட்டை போட்டேன். வெட்டாத மரம் ஆயிற்று. வெட்டாத மரத்தில் கத்தி எதற்கு? அதையும் என் கத்தியால் சீவி எடுத்தேன். கத்தி போனதும் விரல்களைப் பட்டியால் நீட்டி வைத்தேன். வெறும் கை மரத்தில் படிந்தது. இன்னொரு கை ஏற்கெனவே மரத்தில்தான் இருந்தது. மிச்சம் இருந்தது மங்கு. கோடு இல்லாத மரத்தில் மங்கு வாய் திறந்து தொங்கினால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அதைச் செதுக்கி வாயை மூடி, அடிப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, கவிழ்த்தேன்.

தம்பி எப்போது எழுந்து வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. தவுக்கே கொன்றுவிடுவார் என்றார். கொல்லட்டும் என்றேன். அவர் காற்றாடியைத் திருப்பிப் பட்டி காய்வதற்காகப் பலகைப் பக்கம் வைத்தார். பெயின்ட் அடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

தவுக்கே வந்து பலகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகம் சிவந்துவிட்டது. கோடு எங்கே, கத்தி எங்கே என்று கத்தினார். நான் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேலை போகும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் இல்லை, ஐயோ என்றும் இல்லை. தம்பிதான் முன்னால் வந்து, இது ஒரு டிசைன், ஒரு தூணில் வேலைக்கு முன்னால், மறு தூணில் வேலை நடக்கும்போது என்று வாய்கூசாமல் அளந்தார். நேரமில்லாததால் தவுக்கே திட்டிக்கொண்டே ஏற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை வந்து, கம்பெனிக்காரர்களுக்கு அந்தப் பலகைதான் அதிகம் பிடித்ததாம், அதில் கதை இருக்கிறதாம் என்றார். அப்போதும் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. அடுத்த பலகை மேசையில் காத்திருந்தது. ஏதோ ஓட்டலுக்கு ஒரு மீன்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்குப் போகப் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில், லுக்குட்டில் ஏதோ வேலை முடித்துச் சிரம்பானுக்குப் போகிற அந்தப் பழைய பக்கத்து வீட்டு அக்கா. கல்லு மாதிரி என்று சொன்ன அதே அக்கா. நலம் விசாரித்துக்கொண்டோம். பஸ் அந்த வாசலில் நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரத்தானடி போட்டுருக்காங்க? நாங்க தெனம் பாக்குறோம். கோடு எவ்ளோ நேரா எறங்குது பாரு. அவரு கோடேதான்."

நான் தலையாட்டினேன்.

"அந்தப் பக்கந்தான் எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சிருக்கு" என்று அக்கா இரண்டாவது தூணைக் காட்டினார். "மங்கு கவுந்து கெடக்கு பாத்தியா? மழ. அதான் மரத்துல கைய வச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. பட்டை காயட்டும்னு."

நான் பார்த்தேன். பட்டி வைத்ததும் தேய்த்ததும் செதுக்கியதும் நான்தான். கோணல் தெரியக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று மட்டும்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இரண்டு உள்ளங்கையும் மரத்தில் வைத்து அவர் அந்தக் கடைசி நாளில் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு முக்கால் மணி நேரமும் நான் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அதுதான் அவர் பால் வெட்டிய கடைசி நாள்.

பஸ் கிளம்பியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"காயட்டுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.